முதுகு சாயாமல் உட்கார்ந்த பெண்

வில்லியனூரில் பஸ் ஏறும்போதே எனக்குக் கோபம் வந்துவிட்டது. அதை மறைப்பானேன். 1969 மே மாதக் கடைசி, காலை ஒன்பது இருபது. பாகூர் வழியாகக் கடலூர் போகும் பஸ் வந்து நின்றதும் நிற்காததுமாக ஜன்னல் வழியே துண்டு பறந்தது, பை பறந்தது, ஒரு மனிதர் பெற்ற மகனையே தூக்கி உள்ளே திணித்தார். அந்தப் பிள்ளை மூன்று பேர் உட்காரும் இடத்தில் குறுக்கே படுத்துக்கொண்டு வருகிறவர்களை எல்லாம் காலால் உதைத்தது. அப்பாக்காரர் கீழே நின்றபடி, "அப்டித்தான்டா, வுடாத" என்று தெம்பு கொடுத்தார். பிள்ளையைச் சொல்லிக் குற்றமில்லை. வாத்தியாரே வெளியே நிற்கிறாரே.

நானும் வாத்திச்சிதான். கும்பகோணத்தில் ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். என் வகுப்புச் சுவரில், என் கையாலேயே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிய அட்டை ஒன்று உண்டு. தலைப்பு, பொது இடத்தில் நடந்துகொள்ளும் விதம். ஓடாதே, முண்டாதே, நிமிர்ந்து உட்கார், பெரியவர்களுக்கு இடம் கொடு, அயலார் கொடுப்பதைத் தின்னாதே, எதிர்த்துப் பேசாதே, வணக்கம் சொல். தினமும் காலையில் பிள்ளைகள் அதைச் சேர்ந்து படிக்க வேண்டும். வாயில் நுழைகிற வரை விடமாட்டேன்.

ஒதியம்பட்டில் என் பெரியம்மா மகள் வீட்டில் காதணி விழா. ஏழு வயது மகன் ரவியைக் கூட்டிக்கொண்டு மூன்று நாள் முன்பே வந்துவிட்டேன். பந்தியில் பிள்ளைகள் இலைக்கு இலை தாவுவதைப் பார்க்கப் பொறுக்காமல், இருபது பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கை கழுவ வைத்தேன். அக்கா சிரித்துவிட்டாள். அடுத்த தடவை வரும்போது பள்ளிக்கூடத்தைக் கும்பகோணத்திலேயே பூட்டிவிட்டு வா என்றாள். புறப்படும்போது கை நிறைய முறுக்கை ஒரு பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தாள். கடலூர் திருப்பாப்புலியூரில் மத்தியானம் ரயிலைப் பிடித்தால் இருட்டுவதற்குள் வீடு சேரலாம் என்பது கணக்கு.

டிக்கெட் எனக்கு எண்பத்தைந்து பைசா, ரவிக்கு அரை டிக்கெட். எப்படியோ ஒரு இருக்கை கிடைத்தது. ஜன்னலோரம் அவன், நடுவில் நான், இந்தப் பக்கம் ஒரு பெரியவர். பஸ் உறுவையாறு தாண்டி மங்கலம் பக்கம் போனது. இரண்டு பக்கமும் கரும்பு, சவுக்கு, அறுத்துப் போட்ட வயல். இந்தச் சீமையின் பூகோளம் எனக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. ஒரு வயல் புதுச்சேரி, அடுத்த வயல் தமிழ்நாடு, அதற்கடுத்தது மறுபடியும் புதுச்சேரி. பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் பாகம் பிரித்த கோலம். புதுச்சேரிப் பக்கத்தில் சாராயக்கடை பகிரங்கமாகத் திறந்திருக்கிறது. தமிழ்நாட்டுப் பக்கத்தில் மதுவிலக்கு, ஒரு குப்பி கையில் இருந்தால் ஜெயில். இதைக் கண்டக்டர்தான் எனக்கு விளக்கினார். போகிற வழியில் போலீஸ் ஏறிச் சோதனை போடுவார்கள், பயப்படாதீங்க டீச்சர் என்றும் சொன்னார். என்னிடம் முறுக்கைத் தவிர என்ன இருக்கிறது, பயப்பட?

கரிக்கலாம்பாக்கம் தாண்டி ஒரு நிறுத்தத்தில் பஸ் நின்றது. ஊர்ப் பெயர் எழுதப் போவதில்லை. நான் சொல்ல வந்த பெண் இன்று கல்யாணம் கட்டிப் பிள்ளை குட்டியோடு எங்கேயோ இருப்பாள். அன்று அவளுக்கு எட்டு வயது இருக்கும். வழக்கம் போல இடித்துக்கொண்டு ஜனம் ஏறியது. இவள் மட்டும் ஓரமாக நின்று, அத்தனை பேரும் ஏறிய பிறகு, படிக்கம்பியைப் பிடித்து நிதானமாக ஏறினாள். நீலப் பாவாடை, தொளதொள என்று வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய இரட்டைப் பின்னல். எனக்குக் கண் குளிர்ந்துவிட்டது. மே மாதக் கடைசியில் எந்தப் பள்ளிக்கூடத்துக்கு இந்தச் சீருடை என்று, பதினோரு வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்தவளுக்குத் தோன்றியிருக்க வேண்டுமா இல்லையா? தோன்றியதுதான். இங்கே இன்னும் பிரெஞ்சுக்காரன் வைத்த முறைப்படி லீவு வேறு மாதமாக்கும் என்று நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

என் பக்கத்தில் இருந்த பெரியவர் அடுத்த ஊரில் இறங்க எழுந்துகொண்டார். அந்த இடத்தைக் காட்டி அவளை உட்காரச் சொன்னேன். அவள் உட்காரவில்லை. பின்னால் நின்றிருந்த ஒரு கீரைக்காரம்மாளைப் பார்த்து, "நீங்க குந்துங்க" என்றாள். அந்த அம்மாளோ உட்காராமல் என்னைப் பார்த்து, அது நின்னுகினே வரட்டும், வுட்டுடுங்க என்றார். ஒரு குழந்தை மரியாதை காட்டினால் அதை வாங்கிக்கொள்ளக் கூடத் தெரியவில்லையே இந்த ஜனங்களுக்கு என்று எனக்கு எரிச்சல். கையைப் பிடித்து நானே அவளை உட்கார வைத்தேன். இருக்கையின் விளிம்பில், முதுகு சாயாமல், இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்தாள். என் அட்டையில் படம் வரைய வேண்டுமானால் அப்படித்தான் வரைவேன்.

ரவி அதற்குள் வேர்க்கடலைத் தோலை முன்னால் இருந்தவர் தலையில் ஊதிக்கொண்டிருந்தான். கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டுகிறான், இழுத்துவிட்டால் காலால் முன் இருக்கையை உதைக்கிறான். பொட்டலத்தைப் பிரித்து அந்தப் பெண்ணுக்கு முறுக்கு நீட்டினேன். "வேணாங்க, பசிக்கல" என்றாள். கண் முறுக்கின் மேலேயே இருந்தது, கை மடியை விட்டு எழும்பவில்லை. அப்புறம் கேட்கவேண்டுமா என் பிரசங்கத்தை? பார்த்துக்கொள், ஓடுகிறாளா, ஆடுகிறாளா, கொடுத்தாலும் தொடுகிறாளா, இந்தப் பெண்ணைப் பெற்றவர்கள் காலைக் கழுவிக் குடி என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி அவனுக்கு ஓதினேன். பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நல்லதைச் சொன்னால் சிரிப்பார்கள், உலகம் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

பத்தே காலுக்குப் பாகூர். வில்லியனூரிலிருந்து பத்து மைல் இருக்கலாம். டீ குடிக்கப் பத்து நிமிஷம் நிறுத்தினார்கள். எல்லாரும் இறங்கினார்கள். அவள் இறங்கவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றேன். வேண்டாமென்று தலையாட்டினாள். அங்கே ஒரு மீன்காரம்மாள் ஏறினார். காலையிலேயே கடலூர்ப் பக்கத்திலிருந்து வந்து விற்றுவிட்டுத் திரும்புகிறவர் போலிருக்கிறது. கூடையில் மீன் இல்லை, மீன் தண்ணீர் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. அதைக் கூரை மேல் போடச் சொன்ன கண்டக்டரோடு மல்லுக்கு நின்று, கடைசியில் என் காலடியிலேயே கொண்டுவந்து வைத்தார். வெற்றிலையை மென்று, என்னைத் தாண்டி ஜன்னல் வழியே துப்பினார். ரவி மூக்கைப் பிடித்துக்கொண்டான். அப்படிச் செய்வது மரியாதையில்லை என்று அவன் கையைத் தட்டிவிட்டு, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஊருக்குத்தானே உபதேசம்.

"இன்னா டீச்சரே, நாத்தமா?" என்றார் அந்த அம்மாள். கண்டக்டர் என்னை டீச்சர் என்று கூப்பிட்டது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

பாகூரிலிருந்து கன்னியக்கோயிலுக்கு வரும் ரோடு அந்தக் காலத்தில் ரோடே இல்லை, பள்ளங்களின் வரிசை. பஸ் ஏறி இறங்கிக் குலுக்கி எடுத்தது. நான் ஓதியதெல்லாம் ரவிக்குள் கோபமாகச் சேர்ந்திருந்தது போலும். ஒரு குலுக்கலில் என் மடி மேல் சாய்ந்து, அந்தப் பெண்ணின் வயிற்றில் முழங்கையால் ஓங்கி ஒரு இடி இடித்தான். அவள் அழவில்லை, திட்டவில்லை. இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள். நான் அவனை அடிக்கக் கை ஓங்கியபோது அவன் சொன்னான்:

"அம்மா, இந்த அக்கா வயிறு தண்ணிப் பை மாதிரி ஆடுதும்மா."

பஸ்ஸில் அந்தப் பக்கத்துப் பேச்சு சட்டென்று நின்றது. எனக்கு விளங்க இன்னும் கொஞ்சம் நேரம் பிடித்தது. முதலில் வாடை வந்தது. மீன் வாடையைப் பிளந்துகொண்டு வரும் சாராய வாடை. அப்புறம் அவளுடைய நீலப் பாவாடையில், இடுப்புக்குக் கீழே, கருநீலமாக ஒரு ஈரம் பரவியது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு திரும்பிக் கடைசி இருக்கையைப் பார்த்தாள். அங்கே பச்சைத் துண்டு போட்ட ஓர் ஆள், அவள் ஏறிய அதே நிறுத்தத்தில் ஏறியவர், ஜன்னலுக்கு வெளியே வெகு அக்கறையாகச் சவுக்குத் தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சைக்கிள் டியூபில் சாராயம் நிரப்பி, இரண்டு முனையையும் கட்டி, அந்தக் குழந்தையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

அப்போது எனக்கு ஒவ்வொன்றாகப் புரிந்தது. புரியப் புரிய உடம்பு பற்றி எரிந்தது. நெரிசலில் டியூப் நசுங்கக் கூடாது, அதனால் கடைசியில் ஏறினாள். உட்கார்ந்தால் இறுக்கும், அதனால் இடம் கொடுத்தாள். சாய்ந்தால் பிதுங்கும், அதனால் நிமிர்ந்து இருந்தாள். தின்றால் வயிறு உப்பும், கட்டு தாங்காது, அதனால் பசிக்கவில்லை. கீரைக்காரம்மாளுக்குத் தெரியும், சிரித்தவருக்குத் தெரியும், கண்டக்டருக்கும் தெரியாமல் இருக்காது. பஸ் முழுக்கத் தெரிந்திருந்தது, பாடம் நடத்திக்கொண்டு வந்த எனக்குத் தவிர. முழுப் பூசணிக்காயை என் பக்கத்திலேயே உட்கார வைத்துவிட்டுச் சோற்றை நான்தான் அள்ளி மூடியிருக்கிறேன்.

அந்தப் பச்சைத் துண்டுக்காரரிடம் போய் நாலு வார்த்தை கேட்க எழுந்தேன். பஸ் அதற்குள் பெரிய ரோட்டில் ஏறிவிட்டது. பெண்ணையாற்றுப் பாலம் நெருங்கியது, சோதனைச் சாவடி. பஸ் வேகம் குறைந்தது. அவள் கை என் முந்தானையைப் பிடித்தது. அதுவரை யாரையும் தொடாமல் வந்த கை அது. மாட்டினால் அந்த ஆள் இவள் யாரோ நான் யாரோ என்று இறங்கிப் போய்விடுவார், போலீஸ் கொண்டுபோவது இவளைத்தான் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. நான் உட்கார்ந்துவிட்டேன்.

மீன்காரம்மாள் காலால் கூடையை நகர்த்தி அந்தப் பெண்ணின் முன்னால் கொண்டுவந்தார். குனிந்து, கூடையை அப்படியே அவள் மடி மேல் சாய்த்தார். மீன் தண்ணீர் முழுக்க அவள் பாவாடையிலும் என் புடவையிலும் கொட்டியது. காஞ்சிபுரம் பட்டு, காதணி விழாவுக்குக் கட்டியது, பைக்குள் திணித்தால் கசங்கும் என்று கட்டிக்கொண்டு வந்தது. அது போகட்டும்.

அரை நிஜார் போட்ட போலீஸ்காரர்கள் இரண்டு பேர் ஏறினார்கள். ஆண்களை எழுப்பி இடுப்பைத் தடவினார்கள், மூட்டைகளைக் கம்பியால் குத்தினார்கள். பச்சைத் துண்டுக்காரர் கையைத் தூக்கிக்கொண்டு தாராளமாகச் சோதனை கொடுத்தார். அவரிடம் என்ன இருக்கிறது, இருப்பதெல்லாம் என் பக்கத்தில் அல்லவா இருக்கிறது. ஒருவர் எங்கள் இருக்கையருகே வந்து நின்றார். அந்தப் பெண் எழுந்தாள். ஈரப் பாவாடை காலோடு ஒட்டிக்கிடக்க, இரண்டு கையையும் குவித்து, "வணக்கம் ஐயா" என்றாள். குரலில் ஒரு நடுக்கம் கிடையாது. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அவர் மூக்கைச் சுளித்தார். மீன்காரம்மாள் முந்திக்கொண்டு, பஸ்ஸு குலுக்கின குலுக்கலில் கூடை கவிழ்ந்துவிட்டது, டீச்சரம்மா திட்டித் தீர்க்கிறாங்க, நீங்களாவது கொஞ்சம் சொல்லுங்க என்று பிலாக்கணம் வைத்தார். போலீஸ்காரர் என் பக்கம் திரும்பினார்.

"இந்தப் புள்ள யார் கூட வருதும்மா?"

பொய் சொன்ன பிள்ளையை ஒரு பீரியட் முழுக்க நிற்க வைக்கிறவள் நான். "என்னோட வர்ற பொண்ணுதான். எங்க அக்கா மக" என்றேன். ரவி வாயைத் திறந்தான். அவன் தொடையில் அழுந்தக் கிள்ளினேன். வாயை மூடிக்கொண்டான்.

போலீஸ்காரர் அவளைத் தலை முதல் கால் வரை பார்த்தார். வெள்ளைச் சட்டை, இரட்டைப் பின்னல், குவித்த கை. அவர் முகம் இளகியது. "நல்லா வளத்திருக்கீங்கம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அந்தப் பாராட்டை எந்த மூலையில் கொண்டுபோய் வைப்பது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

பதினொன்றரைக்குத் திருப்பாப்புலியூரில் இறங்கினோம். பச்சைத் துண்டுக்காரர் இறங்கி, கூட்டம் கலைகிற வரை பீடிக்கடைப் பக்கம் நின்றுவிட்டு, மெல்ல வந்தார். வந்ததும் முதலில் பார்த்தது பாவாடையின் ஈரத்தை. பாதிக்கு மேல போயிடுச்சே என்றார். பெற்ற தகப்பன். அதற்குமேல் நான் என்ன பேசினேன் என்று வரிசையாக நினைவில்லை. வெட்கமில்லையா என்றேன், கட்டுவதானால் உன் இடுப்பில் கட்டிக்கொள்வதுதானே என்றேன், மாட்டியிருந்தால் இறங்கி ஓடியிருப்பாய்தானே என்றேன். பொது இடத்தில் இரைந்து பேசாதே என்பதும் என் அட்டையில் இருக்க வேண்டிய வரிதான். நல்லவேளை, எழுதவில்லை.

அவர் கோபப்படவில்லை. கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, தன் பக்கமே நியாயம் இருப்பது போலச் சொன்னார்: "எங்கள தடவுவான், புள்ளைங்கள தொடமாட்டான்மா. ஒரு வாரம் டியூப்புல தண்ணி ஊத்திக் கட்டி, வூட்டுக்குள்ளயே நடக்க வுட்டுப் பழக்கினேன். ஓடாத, முண்டாத, நிமிந்து குந்து, பெரியவங்களுக்கு எடத்த குடு, யார் குடுத்தாலும் துன்னாத, திட்டினா எதுத்துப் பேசாத, போலீச பாத்தா எழுந்து வணக்கம் சொல்லு. தப்பா ஒரு வார்த்த பேசிச்சா எம் பொண்ணு? இன்னா மரியாத கொறஞ்சி போச்சி?"

வரிக்கு வரி என் சுவர் அட்டை. ஒரு சொல் பிசகவில்லை. இந்தக் கிழவனைப் பிடித்துப் போலீசில் கொடுக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. கிட்டத்தில் பார்த்தால் அவர் கிழவனும் இல்லை, முப்பது வயது இருக்கும், வெயிலில் அப்படிக் காய்ந்திருந்தார். வயலில் வேலை வருஷத்துக்கு மூன்று மாசம்தான் என்று கேட்காமலேயே சொன்னார். இருக்கட்டும். பசி எனக்கும் தெரியும். பிள்ளை இடுப்பில் கட்டித்தான் அதை ஆற்ற வேண்டுமா என்று கேட்டேன். அன்றும் அவரை நான் மன்னிக்கவில்லை, இதை எழுதும்போதும் மன்னிக்கவில்லை.

எங்கள் சண்டைக்கு நடுவில் மீன்காரம்மாள் அந்தப் பெண்ணைக் கையைப் பிடித்து ஒரு கடையின் பின்பக்கம் கூட்டிப்போனார். திரும்பி வரும்போது டியூப் கூடைக்குள் சுருண்டு கிடந்தது. "இடுப்ப பாத்தியா டீச்சரே" என்று அவள் சட்டையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். கயிறு அழுந்திய இடமெல்லாம் கன்றிச் சிவந்திருந்தது. எப்போது கட்டினார்கள் என்று கேட்டேன். விடியறதுக்கு முன்னாடி என்றாள் அவள். எப்போது சாப்பிட்டாய் என்றேன். நேற்று என்றாள்.

முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினேன். அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மறு நொடி பொட்டலம் முழுவதும் அவள் கையில் இருந்தது. ஒன்று வாயில் இருக்கும்போதே இன்னொன்றைத் திணித்தாள். கன்னம் இரண்டும் புடைத்தது, தூள் சட்டையெல்லாம் கொட்டியது, கையைப் பாவாடையில் துடைத்தாள். ரவி ஒரு முறுக்கை எடுக்கக் கை நீட்டியபோது அவனைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினாள். அவன் திருப்பித் தள்ளினான். இரண்டும் நிறுத்தியிருந்த பஸ்களுக்கு நடுவில் துரத்திக்கொண்டு ஓடின. ஓடாதே என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

பிற்பகல் ரயிலில் எங்கள் எதிரே யாரும் உட்காரவில்லை, என் புடவை அப்படி மணத்தது. சிதம்பரம் தாண்டும் வரை ரவி தொடையைத் தடவிக்கொண்டே வந்தான். பிறகு, நீ போலீஸ்கிட்ட பொய் சொன்னியேம்மா என்றான். ஆமாம், சொன்னேன் என்றேன். கொள்ளிடப் பாலத்தில் ரயில் தடதடத்தது. அவனுக்கு இன்னொன்றும் மனசுக்குள் உறுத்தியிருக்கிறது, நான் சொல்லிக்கொடுத்த பிள்ளையாயிற்றே.

"அத்தனை முறுக்கையும் தின்னுட்டு அந்த அக்கா நன்றியே சொல்லலியேம்மா?"

"சொல்ல வேண்டாம்டா" என்றேன். "அவ யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம்."